கொல்லைப்புறத்துச் சொந்தங்கள்



"உங்கள் வீட்டுத் தோட்டத்தில் என்னென்ன இருக்கிறது?" என்று பத்து வருஷங்களுக்கு முன்னால் யாராவது என்னைக் கேட்டிருந்தால், கொஞ்சம் கர்வத்தோடுதான் பதில் சொல்லியிருப்பேன். ஒட்டு ரோஜா ஆறு தொட்டி, குரோட்டன்ஸ் எட்டுத் தொட்டி, மூன்று நிறத்தில் காகிதப்பூ, வாசலில் பச்சைக் கம்பளம் விரித்தது போல் கொரியன் புல்! சென்னைப் புறநகரில் இருபதடிக்கு முப்பதடி இடத்தை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அட்டகாசம் கொஞ்சமல்ல. வருகிறவர்கள் "ஆகா!" என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒரு சித்திரை மாதம் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போக வேண்டி வந்தது. நாற்பது நாள் வாசம். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை என் கணவரிடம் ஒப்படைத்தேன். அவரும் பாவம், மனசார ஊற்றத்தான் செய்தார். ஆனால் அந்த வருஷம் எங்கள் தெருவில் கிணறெல்லாம் வற்றி, குடிப்பதற்கே லாரித் தண்ணீர் வாங்க வேண்டியதாகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைக் கொரியன் புல்லுக்கு ஊற்ற எந்தப் புருஷனுக்குத்தான் மனசு வரும்?

பேரக் குழந்தையைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தேன். வாசலில் கால் வைத்ததும் சந்தோஷம் இறங்கிவிட்டது. புல் வைக்கோலாகியிருந்தது. ரோஜாத் தொட்டிகளில் குச்சிகள்தான் நின்றன. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள்! முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் மூலையில் வைத்துவிட்டுப் போன நந்தியாவட்டை, ஒன்றும் நடக்காதது போல வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. வேலியில் தானாகப் படர்ந்திருந்த பிரண்டை பச்சை மாறாமல் இருந்தது. இந்த இரண்டுக்கும் நான் ஒரு நாளாவது ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியதாக ஞாபகமில்லை. "இது என்னடா சமாசாரம்?" என்று மனசுக்குள் ஒரு கேள்வி முளைத்தது. அதற்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் ஒரத்தநாடு.

அக்காவின் நாலு தென்னை

என் புகுந்த வீடு தஞ்சை ஜில்லாவில் ஒரத்தநாட்டுக்குப் பக்கம். என் மூத்த ஓர்ப்படி இன்றும் அங்கேதான் இருக்கிறார். நான் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல், வீட்டுக்குப் பின்னால் பெரிய கொல்லை, இரண்டு மாடு. கொல்லையில் நாலு தென்னை. அவருக்கு நாலு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் மூத்தார் ஒரு கன்று நட்டாராம். மூத்தார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊரில் வேலையாகப் போய்விட்டார்கள். அக்காவுக்கு மிச்சமிருந்தவை அந்த நாலு மரங்கள்தான். காலையில் காப்பி குடித்ததும் கொல்லைப் பக்கம் போய் நாலு மரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கம்.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று அந்தச் சீமை முழுவதும் லட்சக்கணக்கான தென்னை மரங்கள் ஒரே ராத்திரியில் சாய்ந்ததை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்த லட்சங்களில் அக்காவின் நாலு மரங்களும் சேர்ந்தன. ஒன்று மாட்டுக் கொட்டகை மேலேயே விழுந்தது. நல்ல வேளையாக மாடுகளை முதல் நாள் மாலையே அவிழ்த்து வேறிடத்தில் கட்டியிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மூன்றாவது வாரம். அப்போதும் மின்சாரம் வரவில்லை. அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நட்டவரும் போயிட்டாரு, நட்டதும் போயிருச்சு. கொல்லைப் பக்கம் போகவே பிடிக்கலம்மா" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை நான் தனியாகக் கொல்லையைச் சுற்றி வந்தேன். சாய்ந்த தென்னைகளுக்கு அப்பால் ஏரிக்கரை தெரிந்தது. கரையில் வரிசையாகப் பனை மரங்கள் மட்டை கிழிந்து, தலை கலைந்து நின்றன, ஆனாலும் நின்றன. இதை அக்காவிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில் இது: "பனை வேரு ஆழத்துக்குப் போகும். தென்னை தண்ணி கண்ட இடத்துல மேலாகவே சுகமா இருந்துக்கும். தென்னைய குத்தம் சொல்லி என்ன? ஊரு பூரா ஒரே மரமா வச்சோம். ஒரே ராத்திரியில போச்சு."

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021-ல் அரசாங்கம் அறிவித்தது. அந்த வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் 76 லட்சம் பனை விதைகளை விநியோகிக்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

சிமெண்டா, செடியா?

அக்காவின் மூத்த பிள்ளை வந்து மரங்களை அப்புறப்படுத்தினான். வெறிச்சென்று கிடந்த கொல்லையைப் பார்த்து, "பேசாம சிமெண்டு போட்டுடலாம்மா. பாம்பு, பூச்சி வராது. வேணும்னா நாலு தொட்டியில குரோட்டன்ஸ் வச்சுக்கலாம். உனக்கும் பெருக்குற வேலை மிச்சம்" என்றான். தாயார் தனியாக இருக்கிறாளே என்ற கவலையில் சொன்னதுதான். அவனிடம் தப்பு ஒன்றுமில்லை. அக்கா "ஆகட்டும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அவர் மனசில் எதுவும் ஓடவில்லை. பிள்ளைக்கோ லீவு முடிந்துவிட்டது. சிமெண்டு வேலை அடுத்த கோடைக்குத் தள்ளிப் போயிற்று.

அந்த அவகாசம்தான் கொல்லையைக் காப்பாற்றியது. தென்னை நிழல் போனதும் தரையில் வெயில் விழுந்தது. அடுத்த மழைக்கு என்னென்னவோ முளைக்க ஆரம்பித்தது. தும்பை வந்தது, துத்தி வந்தது. வேலியோரம் பழைய கட்டையிலிருந்து நொச்சி துளிர்த்தது. பறவை போட்ட விதையிலிருந்து இரண்டு வேப்பங்கன்று. எங்கிருந்தோ ஓர் ஆவாரை வந்து மஞ்சளாகப் பூத்தது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

கோடை விடுமுறைக்கு மூத்த பிள்ளை குடும்பத்தோடு வந்தான். சிமெண்டு மூட்டைக்குச் சொல்லியாகிவிட்டது. அவனுக்கு எட்டு வயதில் ஒரு பெண். அந்தக் குழந்தை கறிவேப்பிலை பறிக்கப் போய், "அப்பாயி! இலை மேல குருவி எச்சம் போட்டிருக்கு. அது நகருது!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு புழு. அசப்பில் பறவை எச்சம் போலவே இருந்தது. மருமகள் உடனே மருந்து அடிக்கும் டப்பாவை எடுத்தாள். அக்கா தடுத்துவிட்டார். "விடும்மா. நமக்கு ஒரு கொத்துப் போதும். அதுக்கு வேற எங்க சாப்பாடு இருக்கு?" என்றார்.

குழந்தை தினமும் போய்ப் பார்த்தது. சில நாளில் புழு பச்சை நிறமாக மாறியது. விரலால் லேசாகத் தொட்டால் தலையிலிருந்து கவைக் குச்சி போலச் சிவப்பாக ஒன்றை நீட்டிப் பயமுறுத்தும்; ஒரு மாதிரி வாசனையும் வீசும். அப்புறம் ஒரு நாள் அது கூட்டுப்புழுவாகி, தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டது. விடுமுறை முடிவதற்கு நாலு நாள் முன்னால், காலை வெயிலில், கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசை போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி ஈரச் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. குழந்தை ஓடிப் போய்த் தகப்பனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது.

"சிமெண்டு போட்டா இது எங்கப்பா வரும்?" என்று கேட்டது.

அவன் பதில் சொல்லவில்லை. வண்டி நிறுத்துவதற்கும் கிணற்றடிக்கு நடந்து போவதற்கும் மட்டும் ஒரு பாதை போட்டுவிட்டு, மிச்ச மூட்டையைத் திருப்பி அனுப்பினான். அன்று சாயந்திரம் அக்கா, பல மாதங்களுக்குப் பிறகு, காப்பி டம்ளரோடு கொல்லைப் பக்கம் போனாராம்.

புழு தின்னாத செடி எதற்கு?

இதை எனக்கு அக்கா சொன்னபோது நான் வெட்கப்பட்டேன். ஏனென்றால், என் குரோட்டன்ஸ் தொட்டிகளை வாங்கியபோது கடைக்காரர் சொன்ன பெருமையே, "அம்மா, இதைப் பூச்சி தொடாது" என்பதுதான். அது வாஸ்தவம். பூச்சி தொடவில்லை. ஆகையால் குருவியும் வரவில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு செடியும் தன் இலையைத் தின்ன வருபவர்களை விரட்டுவதற்காக ஏதோ ஒரு கசப்பையோ விஷத்தையோ காரத்தையோ வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மண்ணில் ஆயிரக்கணக்கான வருஷங்கள் கூடவே வாழ்ந்த பூச்சிகள்தான் அதைத் தாங்கிக்கொள்ளக் கற்றிருக்கின்றன. எருக்கம்பாலைப் பாருங்கள், ஆடு கூடத் தின்னாது. ஆனால் 'வெந்தய வரியன்' என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு அதுதான் தாய்ப்பால்! ஆவாரையிலும் கொன்றையிலும் மஞ்சள் நிறப் பூச்சிகள் முட்டையிடும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நம் குழந்தை பார்த்த கறுப்பழகிக்கு. ஈஸ்வரமூலிக் கொடியைத் தேடி வருகிற சிவந்த உடல் கொண்ட அழகிகள் வேறு செடியைத் திரும்பிக் கூடப் பார்க்க மாட்டார்கள். புதிதாகக் கடல் கடந்து வந்த அலங்காரச் செடிகளில் அநேகம் நம் ஊர்ப் புழுக்களுக்குச் சமைக்கத் தெரியாத பண்டம்.

"புழு வந்தால்தானா தோட்டம்?" என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் தேன்சிட்டு இருக்கிறதே, அது நாள் முழுவதும் பூவில் தேன் குடித்தாலும், கூட்டிலிருக்கும் குஞ்சுக்குக் கொண்டு போவது சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும்தான். தையல்சிட்டும் அப்படியே. குழந்தைக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வளர்க்க முடியாது என்பது நமக்கு மட்டுமா தெரியும்?

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே 'சிக்கடீ' என்று நம் சிட்டுக்குருவி அளவு கூட இல்லாத ஒரு சின்னப் பறவை. ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்க அதற்கு ஆறாயிரம் முதல் ஒன்பதாயிரம் புழுக்கள் வரை தேவைப்படுமாம்! 2018-ல் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவு என்னவென்றால், தோட்டத்துச் செடிகொடிகளில் நூற்றுக்கு எழுபது பங்காவது அந்த மண்ணுக்குரியவையாக இருந்தால்தான் அந்தப் பறவை இனம் குறையாமல் நிலைத்திருக்கும் என்பது. இதிலே நமக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. மிச்ச முப்பது பங்குக்கு உங்கள் ரோஜாவையும் வைத்துக்கொள்ளலாம்!

விருந்தாளியும் வேண்டாதவரும்

இதைப் படித்துவிட்டு, "வெளிநாட்டுச் செடி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கிளம்பினால் முதலில் சமையலறைதான் காலியாகும். மிளகாயும் தக்காளியும், கொய்யாவும் பப்பாளியும், ஒரத்தநாட்டுப் பக்கத்து முந்திரியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். சாமிக்குச் சாத்தும் சாமந்தியின் பிறந்தகம் சீனா. அரளிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோமே நித்தியகல்யாணி, அது மடகாஸ்கர் தீவுக்காரி. இவர்களெல்லாம் வந்த வீட்டில் அடக்கமாக இருந்து, மருமகளாகி, இன்று மாமியாராகவே ஆகிவிட்டார்கள். இவர்கள் இருக்கட்டும்.

ஆனால் அடக்கமில்லாத விருந்தாளிகளும் உண்டு. ஆகாயத்தாமரையை அழகுக்காகத்தான் கொண்டு வந்தார்கள். தென் அமெரிக்காவிலிருந்து 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்த அந்த ஊதாப் பூ, இன்று டெல்டா வாய்க்கால்களை மூடிக்கொண்டு தண்ணீரை நகர விடாமல் செய்கிறது. வாய்க்கால் கரையில் ஊதாக் குழல் போலப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வெளியூர்தான். உண்ணிச்செடி 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தோட்டத்துக்கு அலங்காரமாக வந்து, முதுமலை, சத்தியமங்கலம் காடுகள் வரை பரவிவிட்டது. அதன் குச்சிகளைக் கொண்டு நீலகிரிப் பக்கத்து மக்கள் ஆளுயரத்துக்கும் மேலான யானைப் பதுமைகள் செய்தார்கள். அவை 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. சீமைக்கருவேலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவு போட வேண்டியதாயிற்று.

ஆகவே, ஒரு செடியை வாங்குவதற்கு முன் "அழகாயிருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வேலி தாண்டிப் போகுமா?" என்றும் கேளுங்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நாலு பேரிடம் விசாரிக்க மாட்டோமா? அது போலத்தான்.

மரத்தின் பெயரில் ஊர்

நம் முன்னோர்கள் இதையெல்லாம் ஆராய்ச்சி செய்து எழுதி வைக்கவில்லை. ஆனால் வேறு விதமாகக் காப்பாற்றினார்கள். கோயிலுக்கொரு தலவிருட்சம் வைத்தார்கள். திருவிடைமருதூருக்கு மருதம். சிதம்பரத்துக்குத் தில்லை. ஒரத்தநாட்டுக்கு அடுத்த மன்னார்குடிக்குச் 'செண்பகாரண்யம்' என்றே பெயர். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலுக்குப் புன்னை. ஒரு மரத்தை வெட்டக் கூடாதென்று சட்டம் போட்டால் மீறுவான் மனிதன். சாமி மரம் என்றால் கையெடுத்துக் கும்பிடுவான்.

ஒரத்தநாட்டுக்கு முத்தம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், முத்தம்பாள் என்ற தம் அன்புக்குரியவளின் பெயரால் அங்கே ஒரு சத்திரம் கட்டினார். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. தஞ்சைச் சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சாப்பாடு போட்டதோடு, நோயாளிக்கு மருந்தும், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவ உதவியும் செய்தார்கள் என்பது அந்த மன்னர் 1801-ல் எழுதிய கடிதம் ஒன்றிலிருந்து தெரிகிறது. அந்த மருந்துகள் எங்கிருந்து வந்திருக்கும்? சரபோஜி 'தன்வந்திரி மகால்' என்று ஒரு மருத்துவ நிலையம் வைத்து, மனிதருக்கும் கால்நடைக்கும் மருந்து செய்வித்தார். மூலிகைகளைப் பார்த்தபடியே வர்ணத்தில் எழுதி வைக்கச் சித்திரக்காரர்களையும் அமர்த்தினார். ராஜா வர்ணம் தீட்டி வைத்த செடிகளைத்தான் நாம் 'களை' என்று சொல்லிப் பிடுங்கிக் குப்பையில் போடுகிறோம்!

என்ன வைக்கலாம்?

இனிக் காரியத்துக்கு வருவோம். உங்கள் இடத்துக்குத் தக்கபடி சொல்கிறேன்.

அடுக்குமாடி வீட்டில் பால்கனி மட்டும்தானா? கவலை வேண்டாம். ஒரு கறிவேப்பிலை, ஒரு முல்லை, ஒரு கனகாம்பரம், ஒரு பிரண்டை. நாலும் தொட்டியில் வளரும். கனகாம்பரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்த செடி. தலைக்குப் பூவும் ஆயிற்று. கம்பியில் தூதுவளை ஏற்றி விடலாம். முள் உண்டு, குழந்தைகள் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சளிக்குத் தூதுவளை ரசம் வைக்க ஓடி ஓடிக் கடை தேட வேண்டியதில்லை.

நாலடி மண் இருந்தால் நந்தியாவட்டை வையுங்கள். வெயில், வறட்சி எதற்கும் அசையாது. பூஜைக்குத் தினமும் பூ. டிசம்பர்ப் பூ வையுங்கள். ஒரு பவழமல்லி வைக்க இடமிருந்தால் விடாதீர்கள். ராத்திரி பூத்து வாசனையால் அந்துப்பூச்சிகளை அழைக்கும். விடியற்காலையில் பொலபொலவென்று உதிர்த்துவிடும். கோலம் போடப் போகிறவளுக்கு அதைவிட வரவேற்பு வேறு என்ன?

வேலி இருந்தால் நொச்சியும் ஆடாதொடையும். இரண்டையும் குச்சி ஒடித்து நட்டாலே வரும். ஆடும் மாடும் தொடாது. 2012-ல் சென்னையில் கொசுத் தொல்லைக்காக நொச்சிக் கன்று கொடுக்க ஏற்பாடு செய்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒன்று சொல்கிறேன்: செடி வாசலில் நின்றால் மட்டும் கொசு ஓடிவிடாது. உலர்ந்த இலையைப் புகை போட வேண்டும். தொட்டியடித் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்க்க வேண்டும்.

கொல்லை என்று சொல்லும்படி இடமிருந்தால், நீங்கள் பாக்கியசாலி. ஒரு முருங்கை, ஒரு வேம்பு அல்லது புங்கம். புங்க நிழலின் குளிர்ச்சியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பேரன் காலத்துக்கென்று ஒரு மகிழமரம் வையுங்கள். மெதுவாகத்தான் வளரும், நல்ல காரியம் மெதுவாகத்தானே நடக்கும்? ஆனால் பெரிய மரத்தைச் சுவரை ஒட்டி வைத்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

நடுவதற்கு நல்ல காலம் மழைக்கு முன்னால். ஆடிப் பட்டத்தில் விதை போடலாம். கன்றுகளைப் புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் வடகிழக்குப் பருவ மழையே செவிலித் தாயாகிவிடும். அடுத்த கோடை ஒன்றை மட்டும் தாண்டும் வரை வாரம் இரண்டு மூன்று முறை தண்ணீர் காட்டுங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் போதும். சோப்புத் தண்ணீர் வேண்டாம். வேர் பிடித்துவிட்டால் பிறகு அது உங்களை எதிர்பார்க்காது. தொட்டிச் செடிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதற்குத் தினமும் நம் கைதான். உதிர்ந்த இலையைக் கொளுத்தாதீர்கள். செடியைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் காயாது. நாளைக்கு அதுவே எரு.

காட்டிலிருந்தோ ஏரிக்கரையிலிருந்தோ வேரோடு பிடுங்கி வராதீர்கள். விதை எடுங்கள், குச்சி கேளுங்கள், நாற்றுப் பண்ணையில் வாங்குங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு குச்சி கேட்டால் செடியும் கிடைக்கும், சிநேகமும் கிடைக்கும்.

ஒரு ஜாக்கிரதை

'நம் ஊர்ச் செடி' என்றால் எல்லாமே வாயில் போடத் தக்கவை என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு கொடிய விஷம். அரளி விதையும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இவை வேண்டாம். மருந்துக்கென்று எந்தப் பச்சிலையையும் அரைத்துக் கொடுக்குமுன் வைத்தியரைக் கேளுங்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள்.

"பாம்பு வருமே?" என்று ஒரு சகோதரி கேட்பது காதில் விழுகிறது. பாம்பு செடியின் பூர்வீகம் பார்த்து வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது. குப்பை, உடைந்த ஓடு, விறகுக் கட்டை இவற்றை வீட்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். சுவரோரம் மூன்றடி வெட்ட வெளியாக விட்டு, புதர்களை வேலிப் பக்கம் தள்ளி வையுங்கள். ராத்திரி போகும்போது கையில் விளக்கு இருக்கட்டும்.

மறுபடியும் ஒரத்தநாடு

இந்தத் தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவின் கொல்லையில் இப்போது வேம்பு கூரைக்கு மேல் போய்விட்டது. நொச்சி வேலியாகிவிட்டது. கிணற்றடியில் கறிவேப்பிலை மூன்று கன்றுகளாகப் பெருகியிருக்கிறது. அதில் ஒன்றுக்குப் 'பூச்சி மரம்' என்று பெயர். அதில் யாரும் பறிக்கக் கூடாதாம். பேத்தியின் உத்தரவு. அந்தக் குழந்தை இப்போது உயரமாக வளர்ந்து, பள்ளிக்கூட நோட்டில் எந்தப் பூச்சி எந்தச் செடிக்கு வருகிறது என்று தேதி போட்டு எழுதி வைக்கிறது.

நான் சுற்றிப் பார்த்துக்கொண்டே போனபோது, பழைய இடத்தில் புதிதாக இரண்டு தென்னங்கன்று நிற்பதைக் கண்டேன்.

"என்னக்கா, மறுபடியும் தென்னையா?" என்றேன்.

அக்கா சிரித்தார். "தென்னைய விட முடியுமாம்மா? சட்டினிக்கு என்ன பண்றது? ஆனா நாலுக்கு ரெண்டுதான். மிச்சம் ரெண்டு குழியில என்ன வச்சிருக்கேன் பாரு" என்று வேலியோரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மண்ணைப் பிளந்துகொண்டு பச்சைக் கத்தி போல இரண்டு இலைகள் நின்றன. பனங்கொட்டை போட்டிருக்கிறார்! அது பெரிதாகி நுங்கு கொடுக்கப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். அக்காவுக்கு வயது எழுபத்து நாலு.

"இது எப்போ காய்க்க, நீங்க எப்போ சாப்பிட?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எனக்கா? அந்தக் குட்டிக்கு. இவங்க தாத்தா எனக்குக் கேட்டா நட்டாரு?" என்றார்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது ஈரத் துணியில் சுற்றி நாலு நொச்சிக் குச்சியும், ஒரு தூதுவளை நாற்றும் கொடுத்தார். கொரியன் புல் காய்ந்த இடத்தில் இப்போது அவை துளிர்விட்டிருக்கின்றன. இந்த வாரம் முதல் தேன்சிட்டு ஒன்று வந்து போய்க்கொண்டிருக்கிறது. கூடு கட்டுமா என்று நானும் என் கணவரும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நாளைக் காலையில் நீங்கள் தாளிப்பதற்குக் கறிவேப்பிலை பறிக்கப் போகும்போது, இலையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். குருவி எச்சம் போல ஏதாவது இருந்து, அது நகர்ந்தால், அந்தக் கொத்தை விட்டுவிட்டு அடுத்த கொத்தைப் பறியுங்கள். ஒரு நாள் ரசத்துக்கு நாலு இலை குறைந்தால் வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!